கியர் பாக்ஸும் வியாபார நாணயமும்

ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினால் குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். அதே நாம், லட்சக்கணக்கில் கொடுத்து ஒரு பழைய சரக்கு வேன் வாங்கும்போது பெயிண்டையும் டயரையும் பார்த்துவிட்டு முன்பணத்தை நீட்டிவிடுகிறோம். அப்படி வாங்கி அடிபட்டவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேன் வாங்கிய நாற்பதாம் நாள், ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், மூன்றாவது கியர் தானாகவே நியூட்ரலுக்குத் தாவியது. மறுபடி போட்டேன். கடகடவென்று ஒரு சத்தம். அதன்பின் எந்தக் கியரும் விழவில்லை. ஆடி மாத வெயிலில் வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றி ஏற்றுவதற்குள் அடிப்பெட்டிகள் நசுங்கிவிட்டன. அன்றைய லாபம் வண்டி வாடகைக்கே போதவில்லை.

கியர் விழவில்லை என்றதும் பெட்டியே போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கிளட்ச் கேபிள் அறுந்திருக்கலாம். கியர் லிவரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் இணைப்பு கழன்றிருக்கலாம். இவை சிறு செலவில் முடிபவை. ஆகவே முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆனால் அடியில் உள்ள திருகைக் கழற்றி ஆயிலை வடித்தபோது அதில் உலோகச் சில்லுகள் வந்தால் சந்தேகம் வேண்டாம், உள்ளே பல் உடைந்திருக்கிறது. என் வண்டியில் சில்லுகளும் வந்தன, இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே இருந்த ஆயில், அந்த வண்டிக்கு உரியதைவிட மிகவும் கெட்டியானது. தேய்ந்த பேரிங்கின் இரைச்சலை அடக்க யாரோ வேண்டுமென்றே ஊற்றியது என்றார் மெக்கானிக்.

வண்டியை எனக்கு விற்றவரும் ஒரு வியாபாரிதான்.

யாரிடம் முறையிடுவது? வாகனக் காப்பீடு விபத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் உதவும். தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் உதவாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவான நிலை. தெரிந்தே குறையை மூடி மறைத்து விற்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மோசடிதான். ஆனால் அதை நிரூபிக்கக் கடையைப் பூட்டிவிட்டு எத்தனை நாள் கோர்ட்டு வாசலில் நிற்க முடியும்?

இந்த நிலையில் ஒரு தரகர் எனக்கு வழி சொன்னார். "ஓடுகிற அளவுக்குச் சரி செய்து, கெட்டி ஆயிலை ஊற்றி, யார் தலையிலாவது கட்டிவிடுங்கள் அண்ணாச்சி." உண்மையைச் சொல்கிறேன், ஓர் இரவு முழுவதும் அதை யோசித்தேன். எனக்கு நேர்ந்த அதே அநியாயத்தை, நாளை என் கடைக்கே சரக்கு எடுக்க வரும் ஒருவருக்கு நான் செய்வதா? மறுநாள் பெட்டியை முழுதாகப் பிரித்து, பேரிங், சிங்க்ரோ ரிங், உடைந்த கியர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். வண்டி இன்றும் ஓடுகிறது. விற்கும் நாள் வந்தால் அந்த பில்லும் வண்டியோடு போகும்.

வாங்கப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை, அவருக்குரிய கூலியைக் கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் பேரிங்கில் சந்தேகம். சரக்கு ஏற்றி, மேட்டில் ஓட்டிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் தாவுகிறதா, இரண்டாவது கியருக்கு வரும்போது உரசுகிறதா என்று கவனியுங்கள். கியர் ஆயிலை வடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விற்கும் நண்பர்களுக்கும், நமது சங்கத்துக்கும் ஒரு யோசனை. உறுப்பினர்கள் தங்களுக்குள் வண்டி கைமாற்றும்போது, ஆர்.சி. புத்தகத்தோடு, தெரிந்த குறைகளை எழுதிக் கையொப்பமிட்ட ஒரு சீட்டும் கொடுப்பது என்று வழக்கப்படுத்தினால் என்ன? விலை குறைந்துவிடுமே என்பார்கள். குறையும்தான். பழுது பார்க்கும் செலவு அளவுக்குக் குறையும். அதைக் காப்பாற்றப் பொய் சொன்னால் குறைவது நம் பெயர். அதற்கு எந்தப் பட்டறையிலும் ஸ்பேர் கிடைக்காது.

எனக்கு விற்றவரின் கடை வழியாகத்தான் இன்றும் தினமும் போகிறேன். இருவரும் பேசிக்கொள்வதில்லை. முன்பெல்லாம் அவரிடம்தான் மாதம் தவறாமல் எண்ணெய் டின் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆயிலை ஊற்றியபோது அவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். நாம் போட்டுப் பார்ப்போம்.