கன்சோல் செய்திகளை அடக்கிவிடலாமா?

லினக்ஸ் முறையில் இயங்கும் கணிப்பொறிகள் இந்நாட்டுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இப்பொழுது அரியன அல்ல. கேரளத்து அரசுப் பள்ளிகளில் இம்முறையே கையாளப்படுகிறது. சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பாஸ்' என்னும் தொகுப்பும் இவ்வினத்ததே. இவற்றின் கன்சோல் திரையில், வேலை நடந்துகொண்டிருக்கும்பொழுதே, ஆங்கில வரிகள் தாமாக வந்து விழுவதுண்டு. அவற்றைக் கண்டவுடன் யந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்குவோர் ஒருசாரார். அவ்வரிகள் இனித் தோன்றாவண்ணம் செய்துவிடுவோர் மற்றொருசாரார். இவ்விரண்டும் தவறான பழக்கங்களே. பின்னதோ மிகவும் கேடு பயப்பது.

அவ்வரிகள் கணிப்பொறியின் கருவாகிய கெர்னல் எழுதிவரும் நாட்குறிப்பாகும். ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு தரம் உண்டு. 0 என்பது யந்திரம் இயங்கவே இயலாத நிலை; 3 என்பது பிழை; 4 எச்சரிக்கை; 7 நிபுணர்க்கே பயன்படும் நுண்விவரம். கன்சோலுக்கென ஒரு வரம்பெண் குறிக்கப்பட்டிருக்கும். அதனினும் சிறிய எண்ணுடைய செய்திகளே திரைக்கு வரும். வரம்பை 1 ஆக்கிவிட்டால் திரை தூய்மையாகிவிடும். உள்ளே வட்டு பழுதுபடுவது மட்டும் நில்லாது. யு.எஸ்.பி. கருவியொன்றைச் செருகியவுடன் வரும் அறிவிப்புப் போன்றவை தொல்லையே என்பது மெய்தான். அவற்றைத் தவிர்க்க வரம்பை 4 ஆக வைத்தல் போதும். பிழைகளும் அவற்றினும் கடியனவும் அப்பொழுதும் தப்பாமல் தோன்றும்.

வட்டைப் பற்றிய செய்திகளே பெரிதும் கவனிக்கத்தக்கவை. 'வட்டில் பிழை' என்று மட்டும் தலைமை அலுவலகத்திற்கு எழுதியனுப்புவதால் பயனில்லை. பிழை வரியில் யு.என்.சி. என்னும் எழுத்துக்கள் காணப்படின், வட்டின் ஒரு பகுதி படிக்க இயலாதபடி கெட்டுவிட்டது என்பது பொருள். மாணாக்கர் மதிப்பெண்களையும் பிற ஏடுகளையும் அன்றே வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். ஐ.சி.ஆர்.சி. என்று காணப்படினோ, குற்றம் பெரும்பாலும் வட்டினுடையதன்று. அதனை இணைக்கும் கேபிளினுடையது. முன்னதற்கு ஒரு புதிய வட்டே தேவை. பின்னதற்குச் சிறிய கேபிள் ஒன்று போதும். இவ்வேற்றுமை நான்கு எழுத்துக்களில் அடங்கியிருக்கிறது. அவற்றின் பொருள் தெரியாதவரும் எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுத வல்லவரே.

செய்திகள் வட்டிலும் பதிவாகின்றனவே, திரையைப் பார்ப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். இதற்கு விடை எளிது. பிழை மிகுந்தால், டெபியனைத் தழுவிய பல தொகுப்புகள் வட்டில் மேலும் எழுதுவதையே நிறுத்திவிடுகின்றன. இருக்கும் ஏடுகளைக் காக்கும் ஏற்பாடு அது. ஆனால், அக்கணம் முதல் நாட்குறிப்பும் வட்டில் ஏறாது. அது நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மின்சாரம் நின்றவுடன் மறையும். யந்திரத்தை அணைப்பவர் இருந்த ஒரே சாட்சியையும் அழித்தவராகிறார். ஆகவே, விசையில் கை வைக்குமுன் திரையைக் கைபேசியால் படமெடுத்தல் நன்று.

வரியின் தொடக்கத்தில் பகர அடைப்புக்குள் காணும் எண்ணை விட்டுவிடலாகாது. கணிப்பொறி இயங்கத் தொடங்கியபின் கழிந்த விநாடிகளை அது குறிக்கிறது. தாய்ப்பலகையின் சிறு பாட்டரி தீர்ந்து கடிகாரம் தவறியபோதும் இக்கணக்கு நேர்மையாகவே ஓடும். 3,600 என்றால், தொடங்கி ஒரு மணி நேரம் ஆயிற்று.

திரையைக் கடந்துபோன வரிகளை டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்து ஆணையால் மீண்டும் காணலாம். மிகப் பழையவற்றின் மேல் புதியன எழுதப்பட்டுவிடுமாதலால் இதிலும் தாமதம் கூடாது. சில தொகுப்புகளில் நிர்வாகி ஒருவரே இவ்வாணையை இட முடிகிறது. நிர்வாகி மாவட்டத் தலைநகரிலும் யந்திரம் சிற்றூர்ப் பள்ளியிலும் இருக்குமாயின் இக்கட்டுப்பாடு பொருந்தாது. கணிப்பொறிப் பொறுப்பிலுள்ள ஆசிரியருக்கு, நாட்குறிப்பைப் படிக்கும் உரிமையையேனும் வழங்குதல் வேண்டும்.