கருவிழி மங்கினால் விழித்திரை காத்திருக்க வேண்டுமா?

பட்டறையில் தெறிக்கும் இரும்புத் துணுக்கு, கண்ணருகே வெடிக்கும் பட்டாசு, கண்ணுக்குள் பரவும் கிருமித் தொற்று... இவற்றில் பல நேரம் இரண்டு சேதம் சேர்ந்தே வரும். முன்னால் கருவிழி வெள்ளையாக மங்கிவிடும். பின்னால் விழித்திரை, அதாவது ரெட்டினா, கிழிந்து கழன்றுவிடும்.

சிக்கல் இங்கேதான். கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லை அகற்றி ரெட்டினாவைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்குப் பெயர் விட்ரெக்டமி. 1970களில் பரவத் தொடங்கிய இந்த முறையில், டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கருவிழி வழியாகத்தான் உள்ளே பார்க்கிறார். அந்த ஜன்னலே மங்கிப் போனால்?

கருவிழி தெளியும்வரை காத்திருக்கலாம். ஆனால், கழன்ற ரெட்டினாவின் செல்கள் போதிய ஆக்சிஜன் இல்லாமல் நாளுக்கு நாள் அழியும். தற்காலிகச் செயற்கைக் கருவிழி வைத்து ஆபரேஷனை முடித்துவிட்டு, தானமாக வந்த கருவிழியைப் பொருத்தலாம். அதற்கு தானம் கிடைக்க வேண்டும். வீங்கிச் சிவந்த கண்ணில் அது நிலைக்காமல் போகும் ஆபத்தும் அதிகம்.

மூன்றாவது வழிதான் எண்டோஸ்கோபி. சுமார் 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய குழாய். கண்ணின் வெள்ளைப் பகுதியில் போடும் சிறு துளை வழியே உள்ளே போகும். வெளிச்சம், படம், லேசர் மூன்றும் அதிலேயே. டாக்டர் மானிட்டரைப் பார்த்து ஆபரேஷன் செய்வார். கருவிழி வழி தேவையே இல்லை. ரெட்டினாவும் பார்வை நரம்பும் பிழைக்குமா என்றும் நேரில் பார்த்துவிடலாம். பிழைக்காத கண்ணுக்கு ஒரு தானக் கருவிழி வீணாகாது.

குறையே இல்லையா? இருக்கு. படம் தட்டையாகத் தெரியும், ஆழம் புரியாது. கை பழக நாளாகும். கருவி விலையும் அதிகம். கருவிழி தெளிவாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது.

ஆகவே, தெருவுக்குத் தெரு இருக்கும் கண் கிளினிக்குகளில் இது வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால், விபத்துக் கண்கள் வந்து சேரும் பெரிய மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்தக் கருவியும், பயிற்சி பெற்ற ஒரு டாக்டராவதும் இருக்க வேண்டும். ஆண்டு முழுக்கச் சிலருக்குத்தான் பயன்படும் என்பது வாங்காமல் இருக்கக் காரணம் ஆகாது. அந்தச் சிலருக்கு வேறு நல்ல வழி இல்லை.

வீட்டில் யாருக்காவது "கருவிழி தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: பி-ஸ்கேனில் ரெட்டினா எப்படி இருக்கு? எண்டோஸ்கோபி எங்கே செய்றாங்க?