கையெழுத்துப் போடுபவர் எங்கே?

ஒவ்வொரு துறையும் தனித்தனியாக ஆள் வைத்திருப்பதால்தான் அரசு வேலை தாமதமாகிறது; மனு வாங்குவது, கணக்கு, சம்பளம், கணினி எல்லாவற்றையும் ஒரு பொதுக்குழுவிடம் விட்டால் செலவு குறையும், கோப்பு நகரும் என்று படித்தவர்கள் பலர் நம்புகிறார்கள். இது தவறு. சேர்வராயன் மலையின் வாழவந்தியிலிருந்து பார்த்தால் தவறு எங்கே என்பது தெரியும்.

அங்கே ஒரு மலையாளிக் குடும்பத்துப் பெண் கல்லூரியில் சேரப் போகிறாள் என்று வையுங்கள். சேலம் மாவட்ட மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு போடலாம். பல துறைகளுக்கும் பொதுவான இடம் அது. ஒரு நடையை அது மிச்சப்படுத்தியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் சான்றை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவர் அலுவலகம் மலைக்குக் கீழே, சேலத்தில். அதற்குமுன் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று விசாரணை. மனு தேங்குவது இந்தப் படிகளில். "ஏன் இன்னும் வரலைங்க?" என்று கேட்டால், மையத்தில் இருப்பவர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்வார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். கல்லூரிச் சேர்க்கையின் கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

பொதுக்குழு வைத்து வெளிநாட்டில் சாதித்துவிட்டார்கள் என்பார்கள். கனடா 2016இல் பீனிக்ஸ் என்ற சம்பளக் கணினி முறையைக் கொண்டுவந்தது. துறைகளில் இருந்த சம்பள எழுத்தர்களைக் குறைத்து, மிராமிச்சி என்ற ஊரில் ஒரே மையம் அமைத்தது. பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவாக வந்தது, அல்லது வரவேயில்லை. யாருக்கு எந்தப் படி, யார் விடுப்பில் என்று அறிந்திருந்த ஆட்களை அனுப்பிவிட்ட பிறகு கணினி எதை வைத்துச் சரிபார்க்கும்? பிரிட்டனின் ஐந்து பொதுச்சேவை மையங்களுக்கு 90 கோடி பவுண்டு ஆகும் என்றார்கள். 2012இல் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தபோது 140 கோடி ஆகியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியா இதேபோன்ற பொதுச்சேவைத் திட்டத்தில் சுமார் 40 கோடி டாலரைக் கொட்டிவிட்டு 2011இல் அதையே கைவிட்டது.

துறைகள் சேர்ந்து உட்காரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் கோட்ட அளவிலான குழுவில் வருவாய், வனம், பழங்குடியினர் நலம் மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறது. மாவட்டக் குழுவின் முடிவே இறுதி என்றும் சொல்கிறது. முடிவு யார் கையில் என்பது அங்கே எழுதியிருக்கிறது. பொதுக்குழு ஆதரவாளர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மத்திய அரசில் சமூக நீதி அமைச்சகத்துக்குள் இருந்த பழங்குடியினர் விவகாரத்தை 1999இல் தனி அமைச்சகமாகப் பிரித்ததும், கவனிக்கத் தனி ஆள் வேண்டும் என்பதால்தான்.

வாழவந்திக்கு இன்னொரு பொது மையம் வேண்டாம். ஜமாபந்திக்கு அதிகாரி வட்டத்துக்கே வருவதுபோல, மாதம் ஒரு நாள் கோட்டாட்சியர் ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து உட்காரட்டும். விசாரணை முடிந்த மனுக்களில் அங்கேயே கையெழுத்திடட்டும். முடியாத மனு யார் மேசையில் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்று அந்தப் பெண்ணின் ஒப்புகைச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும்.