ஆஸ்பத்திரி பக்கத்துலதான்... ஆனாலும் வீட்டில் பிரசவம்! குடிசைப் பகுதிகளில் நடப்பது என்ன?

இந்தியாவின் நகரங்களில் 100-ல் சுமார் 94 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. நல்ல விஷயம்தான். ஆனால் மும்பை, டெல்லி போன்ற பெருநகரங்களின் குடிசைப் பகுதிகளில் இன்னும் வீட்டிலேயே குழந்தை பெறும் பெண்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பல இடங்களில் நடந்து போகும் தூரம்தான். அப்புறம் என்ன தடை?

முடிவெடுப்பது யார்?

பெரும்பாலும் கர்ப்பிணி அல்ல. மாமியாரும் கணவரும்தான். "நாங்கல்லாம் வீட்டுலதான பெத்தோம்" என்ற ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். முதல் குழந்தைக்கு ஆஸ்பத்திரி போனவர், மூன்றாவதுக்குப் போகாமல் இருப்பதும் உண்டு. மூத்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? தண்ணீர் வரும் நேரத்தில் குடம் பிடிப்பது யார்? பிரசவ வார்டில் வாங்கிய திட்டும் மறப்பதில்லை. பக்கத்துத் தெரு மருத்துவச்சி திட்டமாட்டார்.

பிழைப்புக்காக உத்தரப்பிரதேசம், பீகாரிலிருந்து வந்த பெண்களுக்கு இன்னொரு வழி, சொந்த ஊர். பரிசோதனை எல்லாம் நகரத்தில், பிரசவம் கிராமத்தில். ரத்தசோகையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அங்குள்ள நர்ஸுக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. ஆபத்து இங்கேதான்.

பணம் கொடுத்தும் ஏன் மாறவில்லை?

2005-ல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டத்தில், டெல்லி, மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களின் நகர்ப்புற ஏழைத் தாய்க்குக் கிடைப்பது 600 ரூபாய். கூட இருக்க லீவு போடும் கணவரின் ஒரு நாள் கூலிகூட தேறாது. 2011 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, வாகனம் எல்லாம் இலவசம் என்பது சட்டைப் பையில் காசில்லாத குடும்பத்துக்குப் பெரிய உதவி. ஆனால் வீட்டு வேலையை அது பார்க்காதே!

சென்னையில் நிலைமை என்ன?

தமிழகத்தில் 99.6 சதவீத பிரசவங்கள் மருத்துவமனையில்தான். இங்கே கேள்வியே வேறு: எந்த ஆஸ்பத்திரி? தனியாரில் 64 சதவீதம் சிசேரியன், அரசில் 36. கடன் வாங்கித் தனியாருக்குப் போவது சில குடும்பங்களில் கவுரவப் பிரச்சினை.

இன்னொரு பக்கம், கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள். இவர்களில் பலருக்குப் பழகிய இடம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இப்போது அது 20 கிலோமீட்டருக்கு மேல். அம்மாவும் அத்தையும் பிள்ளை பெற்ற அதே இடத்துக்கு, வலி வந்த பிறகு ராத்திரியில் ஆட்டோ பிடித்துப் போகவேண்டும்.