சாரத்திலிருந்து விழுவதற்கும் சட்டத்தில் பதில் உண்டு

கட்டுமான இடத்தில் சாரத்திலிருந்து செங்கல்லோ சென்ட்ரிங் பலகையோ விழுந்து காயம்பட்டால், அடிபட்டவர் அங்கே வேலை செய்தவரா, வழியே போனவரா என்பதைப் பொறுத்தே சட்ட வழி பிரிகிறது.

கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இழப்பீட்டு உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தொடர்கிறது. முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால், வேலையின்போது நேர்ந்த விபத்து என்றால் போதும். 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கட்டடத் தொழில் நடத்தும் நிறுவனம் வேலையை மேஸ்திரியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தாலும் அதன் பொறுப்பு போகாது.

ஊர்ப்பக்கம் நடப்பது வேறு. கையில் ஒரு தொகையைத் திணித்து, தாளில் கைரேகை வாங்கி விஷயத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். இது பெரிய அநியாயம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குவது செல்லாது. தொழிலாளி இறந்திருந்தால் இழப்பீட்டை உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மருத்துவமனையில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லச் சொல்வதும் உண்டு. விபத்துப் பதிவேட்டில் அது ஏறிவிட்டால் வழக்கு பாதி போய்விடும். நடந்த இடத்தையும் விழுந்த பொருளையும் முதல் நாளே பதியச் சொல்ல வேண்டும்.

வழிப்போக்கர் கவனக்குறைவை நிரூபித்து உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125, 290 பிரிவுகளில் புகார் கொடுக்கலாம். உயிர் போயிருந்தால் 106. சென்னை ராமாபுரத்தில் 2025 ஜூன் 12 அன்று மெட்ரோ பாலத்தின் உத்தரங்கள் விழுந்து, சாலையில் பைக்கில் சென்றவர் இறந்தார். அரசுப் பணிகளில் இப்படி நேர்ந்தால் ரிட் மனுவும் போடலாம். ஆவுடையார்கோவில் பகுதிக்கு அது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தோருக்குப் புதுக்கோட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வக்கீல் இலவசம்.

- ஒரு வாசகர், ஆவுடையார்கோவில்