ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத மெஷினும் நாலு ஃப்ரெண்ட்ஸும்

பரண் மேல ஒரு பழைய வாக்மேன் கிடைக்குதுன்னு வெச்சுக்குங்க. என்ன பண்ணுவீங்க? தூசி தட்டி, ரெண்டு பென்சில் பேட்டரி போட்டு, ப்ளே பட்டனை அமுக்குவீங்க. உள்ளே மோட்டார் 'விர்ர்ர்'னு சுத்தும். கேசட் மட்டும் அசையவே அசையாது. 'அவ்ளோதான், டிக்கெட் வாங்கிருச்சு'ன்னு பழைய இரும்புக் கடைக்கு எடுத்து வைப்பீங்க.

அவசரப்படாதீங்க பாஸ்! பெரும்பாலும் செத்துப்போனது வாக்மேன் இல்லை, உள்ளே இருக்கற ஒரு மெல்லிசு ரப்பர் பெல்ட். மோட்டார் சுத்தறதை ஃப்ளைவீலுக்குக் கடத்தறது அதுதான். வருஷம் ஆக ஆகத் தொய்ஞ்சுடும். சிலது உருகின தார் மாதிரி ஒட்டிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சுத் துடைச்சுட்டு, புது பெல்ட் மாட்டினா பல மெஷின்கள் எழுந்து உட்காரும்.

சரி, எந்த சைஸ் பெல்ட்? கம்பெனிகிட்ட கேட்க வழியில்லை. கேசட் வாக்மேனை ஜப்பான்ல விற்கிறதுக்காக அனுப்பறதையே சோனி 2010-ல நிறுத்திடுச்சு. அதனால உலகம் முழுக்க இருக்கற வாக்மேன் சேகரிப்பாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சர்வீஸ் சென்டர் மாதிரி ஆகிட்டாங்க. பெல்ட் ஓடற பாதையில தையல் நூலைச் சுத்தி அளக்கணும். அதைவிடக் கொஞ்சம் சின்னதா பெல்ட் போடணும். ரொம்ப இறுக்கினா மோட்டார் திணறும், தளர்ந்தா பாட்டு அலையும். ஒருத்தர் நாலு பெல்ட் வாங்கிப் பார்த்து சரியான அளவைக் கண்டுபிடிச்சா, அதே மாடல் வெச்சிருக்கற அத்தனை பேருக்கும் அந்த அளவு போய்ச் சேரும்.

பெல்ட் மாட்டியாச்சு, முடிஞ்சுதா? இல்லை. டேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடணும். 3,000 ஹெர்ட்ஸ் சத்தம் பதிஞ்ச டெஸ்ட் கேசட்டைப் போட்டு, செல்போன் ஆப்ல அளந்து பாருங்க. 3,180 காட்டுச்சுன்னா வேகம் 6 சதவிகிதம் அதிகம். பாட்டு மொத்தமும் அரை ஸ்வரம் மேல ஏறி, பாடறவர் குரல் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும். மோட்டார் வேகத்துக்குன்னு இருக்கற குட்டி ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினா சரியாகிடும். ஆனா அந்த டெஸ்ட் கேசட்டுக்கு எங்கே போறது? சரியா செட் பண்ணின டெக் வெச்சிருக்கற இன்னொரு சேகரிப்பாளர் பதிஞ்சு தரணும். பார்த்தீங்களா, திரும்பவும் ஒரு ஃப்ரெண்ட்!

இதுல ஒரு அழகான விஷயம் சொல்றேன். 1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பான்ல வந்த முதல் வாக்மேன், டி.பி.எஸ்-எல்2. விலை 33,000 யென். அதுல ஹெட்போன் மாட்ட ரெண்டு ஓட்டை! கூடவே ஆரஞ்சு கலர்ல ஒரு பட்டன். அதை அமுக்கினா பாட்டு சத்தம் குறைஞ்சு, பக்கத்துல இருக்கறவர் பேசறது மைக் வழியா காதுல கேட்கும். தனியா கேட்கறதுக்குன்னு நாம நினைக்கிற இந்தப் பெட்டி, ரெண்டு பேர் கேட்கத்தான் பொறந்திருக்கு. அப்புறம் வந்த பெரும்பாலான மாடல்கள்ல ஒரே ஓட்டை.

2014-ல 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்துல ஹீரோ இதே மாடலை இடுப்புல மாட்டிட்டு வந்தார். விலை எகிறிடுச்சு. வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில பூட்டி வைக்கறவங்களும் உண்டு. அது அவங்க காசு, அவங்க இஷ்டம். ஆனா என் ஓட்டு திறந்து பார்க்கறவங்களுக்குத்தான். ஏன்னு கேளுங்க.

1980-கள்ல சோனி விட்ட 'டிடி' வரிசை வாக்மேன்கள்ல மோட்டாருக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல பெல்ட்டே கிடையாது. சூப்பர் மெஷின். ஆனா நடுவுல ஒரு பிளாஸ்டிக் கியர் இருக்கு. வயசானா விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்துல பல் இடைவெளி அகலமாகி, ஒவ்வொரு சுத்துக்கும் 'டிக்... டிக்...' கேட்கும். வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் சிலர் இதுக்குப் புது கியரே செஞ்சு மத்தவங்களுக்கும் கொடுத்திருக்காங்க.

மெக்கானிக்கல் மக்களே, இது நம்ம சிலபஸ்தான்! பல்லை எண்ணுங்க. வெளி விட்டத்தை அளங்க. பல் எண்ணிக்கையோட 2 கூட்டி, அதால விட்டத்தை வகுத்தா மாட்யூல் ரெடி. சிக்கல் என்னன்னா, விரிசல் விட்ட கியர் லேசா விரிஞ்சிருக்கும். உங்ககிட்ட இருக்கற ஒண்ணை மட்டும் நம்பினா அளவு தப்பிடும். நாலு பேரோட கியரை அளந்து ஒப்பிட்டாதான் நிஜ அளவு பிடிபடும். தனியாளா இதைச் செய்யவே முடியாது.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. டைட்டன் தன்னோட முதல் வாட்ச் ஃபேக்டரியைப் போட்டது ஓசூர்லதான். அரிசி மாதிரி இருக்கற சக்கரத்தைப் பார்த்துப் பழகின கண்ணும் கையும் உள்ள பெரியவங்க நம்ம தெருக்கள்ல ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருக்காங்க. சிப்காட் சந்துகள்ல சி.என்.சி. ஜாப் ஒர்க் பட்டறைகள் இருக்கு. அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஏறினா பெங்களூரு எஸ்.பி. ரோடு, எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க. இவ்வளவும் கைக்கெட்டற தூரத்துல வேற எந்த ஊருக்கு வாய்ச்சிருக்கு சொல்லுங்க?

'எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும், பாட்டுதான் போன்ல இருக்கே?'ன்னு கேட்பீங்க. கரெக்ட். ராஜ்குமார், கண்டசாலா, இளையராஜா மூணு பேரும் ஒரே அலமாரியில இருந்த பார்டர் ஊர் இது. அந்தப் பாட்டெல்லாம் போன்ல கிடைக்கும். ஆனா வளைகுடாவுல வேலை பார்த்தவங்க லெட்டருக்குப் பதிலா பேசி அனுப்பின கேசட்? நீங்க மழலையில பாடினது? இப்ப உயிரோட இல்லாத பாட்டியோட குரல்? அதுக்கெல்லாம் உலகத்துல ஒரே ஒரு காப்பிதான். அதை ஓட்ட ஒரு நல்ல மெஷின் வேணும், அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச கை வேணும். கை ஓய்ஞ்சா அந்தக் குரலும் ஓய்ஞ்சுடும்.

அதனால, அடுத்த லீவுல பரண் ஏறுங்க. கேசட் கிடைச்சா மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. ஒண்ணு, கேசட்டோட மேல் விளிம்புல இருக்கற குட்டித் தடுப்பை உடைச்சுடுங்க, தப்பித்தவறி மேல ரெக்கார்ட் ஆகாது. ரெண்டு, முதல்ல ஒரு வேண்டாத கேசட்டைப் போட்டு மெஷின் டேப்பைச் சாப்பிடுதான்னு பாருங்க. மூணு, ஒழுங்கா ஓடினா கையோட கம்ப்யூட்டர்ல பதிஞ்சுடுங்க.

வாக்மேன் மக்கர் பண்ணினா? இ.சி.இ. ஃப்ரெண்ட் ஒருத்தர், மெக்கானிக்கல் ஒருத்தர், தெருக்கோடியில வாட்ச் ஃபேக்டரியில ரிட்டயர் ஆன அங்கிள் ஒருத்தர். நாலாவது ஆள் நீங்க. ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும் போதும். டீ செலவு மட்டும் உங்களோடது!