அறுபதில் வாய்த்த வாகனம்

பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் என்ன செய்வார்? காலையில் நடப்பார், செய்தித்தாள் படிப்பார், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவார். நானோ மோட்டார் சைக்கிள் வாங்கினேன். “இந்த வயதில் உங்களுக்கு இது வேண்டுமா?” என்றாள் மனைவி. “அப்பா, வீட்டில் கார் இருக்கிறதே!” என்று புனேயிலிருந்து மகள் தொலைபேசியில் அலறினாள். அன்று நான் விடை கூறவில்லை. இன்று இப்பக்கத்தில் கூறுகிறேன்.

என் வண்டி பெரிதன்று. 1994ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிவரும் ஸ்பிளெண்டர்தான். எஞ்சின் 97.2 சி.சி.; எடை 112 கிலோ. இளமையில் ஏக்கத்தோடு பார்த்து நின்ற புல்லட்டோ இதைவிட மிகவும் கனமானது. இந்த வேறுபாட்டின் பொருள் இருபது வயதில் விளங்காது. அறுபதில் முழங்கால் விளக்கிவிடும். சிவப்பு விளக்கில் நிற்கையில் என் இரு பாதங்களும் தரையில் நன்கு பதிகின்றன. வண்டியைப் பின்னோக்கித் தள்ள எவரையும் அழைக்க வேண்டுவதில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகமே எனக்குப் போதும்.

ஞாயிறுதோறும் விடியலில் இராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் முருகனை வணங்கிவிட்டுப் புறப்படுவேன். அவனுக்கு மயில், எனக்கு இது! முப்பத்தைந்து ஆண்டுகள் இதே தில்லிச் சாலைகளில் பேருந்தில் நின்றுகொண்டே அலுவலகம் போனவன் நான். அப்போது கண்டதெல்லாம் எனக்கு முன்னே நின்றவரின் முதுகுதான். இப்போதுதான் மரங்களைக் காண்கிறேன். துக்ளக் சாலையில் நாவல், அக்பர் சாலையில் புளி, ஜன்பத்தில் மருது, லோதி சாலையில் வேம்பு. எல்லாம் நம் ஊர் மரங்கள் அல்லவா? ஊரை விட்டு வந்தோமே என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! ஊரின் நிழல் இங்கேயே வரிசையாக நின்றிருக்கிறது. ஏப்ரல் மாதத்து வேப்பம்பூ மணம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வருவதில்லை. மகளுக்கு இதுவே என் விடை.

ஆனால் மனைவியின் கேள்விக்கு விடை அவ்வளவு எளிதன்று. சென்ற ஆண்டு ஜூன் மாத இறுதியில், முதல் மழைக்குப் பின், நாவல் மரங்களின் கீழே சென்றேன். உதிர்ந்த கனிகள் நசுங்கிச் சாலையெங்கும் பாசிபோல் வழுக்கின. பின் சக்கரம் சறுக்கியது. மெதுவாகச் சென்றமையாலும் வண்டி இலேசானதாலும் காலூன்றித் தப்பினேன். வீடு திரும்பியதும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, சமையலறைக்குள் சென்று நெடுநேரம் வெளியே வராதிருந்தாள். கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்று முதல் எங்களுக்குள் ஓர் உடன்பாடு. இருட்டிய பின்னும் மழையிலும் பனிமூட்டத்திலும் வண்டி எடுப்பதில்லை. தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் அணிய வேண்டும். மூன்றாவது ஒன்றும் உண்டு. ஐம்பத்தைந்தைக் கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமம் ஒரு தடவைக்கு 5 ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். எனக்கு அறுபத்தைந்தில் அந்தத் தவணை முடிகிறது. இடக்கண்ணில் புரை தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். சான்று தர அவர் தயங்கினால், வாதாடாமல் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுவதாக வாக்களித்திருக்கிறேன்.

அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. சென்ற மே மாதத்தில் ஒரு நாள், “சரக்கொன்றை பூத்திருக்கிறதாமே?” என்று அவளே கேட்டாள். அவளுக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கினேன். சாணக்கியபுரி வரையில் சென்று திரும்பினோம். வழியெல்லாம் என் தோளை இறுகப் பற்றியிருந்தவள், வீட்டு வாசலில் இறங்கியதும், “அடுத்த ஞாயிறும் பூ இருக்குமா?” என்றாள்.

இருக்கும் என்றேன்.